கலிபோர்னியா டு கோவில்பட்டி: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

"எய்யா, நீ போற பிளேன் நம்ம காட்டு மேலதான் போகுமா? போகையில கையைக் காட்டு. நான் கீழ நின்னு பார்க்கேன்."

நான் முதல் முறை அமெரிக்கா கிளம்பியபோது என் ஆச்சி சொன்னது இது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் காட்டில் மரம் குறைவு. வானம் முழுசாகத் தெரியும். கொழும்பு, மாலே பக்கம் போய்வரும் விமானங்கள் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போவதை ஆச்சி பருத்திக்காட்டில் நின்று பார்த்திருக்கிறார். பேரன் போகும் விமானமும் அந்த வழியில்தான் போகும் என்று நினைத்துவிட்டார். "இல்லை ஆச்சி, அது வேற வழி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எந்த வழி என்று எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது.

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை. கலிபோர்னியாவில் மாலை 5 மணி. ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை 6.30. பெரியப்பா போன் செய்தார்.

"தம்பி, ஆச்சி போய்ட்டாய்யா. நீ எப்ப வந்து சேருவே? நேரத்தைச் சொல்லு. அதுக்குத் தக்கன சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விடணும்."

நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். கணக்குப் போடுவதுதான் தொழில். இன்னும் டிக்கெட் கூட எடுக்கவில்லை. இருந்தும் போனைக் காதில் வைத்தபடியே மனக்கணக்குப் போட்டேன். சிங்கப்பூர் வழியாகச் சென்னை, சுமார் 16,500 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். வகுத்தால் 18 மணி நேரம் சொச்சம். மாறி ஏற இரண்டு மணி நேரம், அப்புறம் மதுரை, அப்புறம் கார். "நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வந்துருவேன் பெரியப்பா" என்றேன்.

பெரியப்பா அதை நம்பினார். திங்கள்கிழமை மூன்று மணிக்கு எடுப்பது என்று எல்லா ஊருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். நான் வீட்டு வாசலில் போய் இறங்கியது திங்கள் மாலை 6.40க்கு. ஐந்தரை மணி வரை காத்திருந்து, அதற்கு மேல் முடியாமல் எடுத்துவிட்டார்கள். நான் போனபோது வீட்டைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தார்கள்.

விமானம் தாமதமாக வரவில்லை. எல்லாம் சொன்ன நேரத்துக்கே ஓடின. தப்பு என் கணக்கில்.

இன்று நம் ஊர்களில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீடியோ கால் பேசப் பழகிவிடுகிறீர்கள். அதே கம்ப்யூட்டரில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம். நான் எங்கே தவறினேன் என்பதைச் சொல்லிக்கொண்டே அதற்கான வழியைப் பார்ப்போம்.

முதல் வேலை: தூரத்தை அளப்பது

பிரவுசரில் கூகுள் மேப்ஸைத் திறந்துகொள்ளுங்கள். புறப்படும் ஊரின் விமான நிலையத்தைத் தேடி, அதன் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். சிறிய மெனு ஒன்று விரியும். அதன் மேல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. கோவில்பட்டியில் செய்து பார்த்தால் சுமார் 9.17, 77.87 என்று வரும். அதாவது பூமத்திய ரேகைக்கு வடக்கே 9.17 டிகிரி, கிரீன்விச்சுக்குக் கிழக்கே 77.87 டிகிரி.

அதே மெனுவில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்ற கட்டளையும் இருக்கும். அதை கிளிக் செய்யுங்கள். பிறகு வரைபடத்தை நகர்த்திப் போய்ச் சேரும் ஊரில் ஒரு கிளிக் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே கோடு விழும். திரையின் கீழ்ப் பகுதியில் தூரம் வந்துவிடும். கூகுள் எர்த்தில் இதே வேலையை ஸ்கேல் படம் போட்ட ரூலர் பட்டன் செய்கிறது. அதில் பூமி உருண்டையாகவே தெரிவதால் சிறுவர்களுக்குப் புரிய வைக்க எளிது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு அளந்தால் சுமார் 13,900 கி.மீ. வரும். தட்டை வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கோடு வளைந்து, வடக்கே வெகுதூரம் ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய் இறங்கும். "நேராகப் போகாமல் ஏன் சுற்றிப் போகிறது? கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறதோ?" என்று தோன்றும். தப்பு கம்ப்யூட்டரில் இல்லை, தட்டை வரைபடத்தில் இருக்கிறது. உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போது துருவப் பக்கம் உள்ள இடங்களெல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சோதனை. பிள்ளைகள் வைத்திருக்கும் பூகோள உருண்டையை எடுங்கள். தையல் நூலின் ஒரு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவிலும் மறு நுனியைச் சென்னையிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். தொய்வு இல்லாமல் இழுத்ததும் நூல் தானாகவே வடக்குப் பக்கம் போய் நிற்கும். இந்த வழிக்குப் 'பெருவட்டப் பாதை' என்று பெயர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது.

இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி அல்ல. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் முறையாக எங்கும் நிற்காமல் ஒரு விமானத்தை இயக்கியது. விமானிகள் அனைவரும் பெண்கள். கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் போன அந்த போயிங் 777 வட துருவப் பகுதி வழியாகத்தான் பறந்தது. தூரம் சுமார் 14,000 கி.மீ.

பக்கத்து ஊர்களுக்கு இத்தனை வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கி.மீ. மதுரை விமான நிலையம் 9.83, 78.09. சென்னை விமான நிலையம் 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசம் 3.16 டிகிரி, அதாவது 351 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 2.08 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும் என்பதால் நம் பக்கத்தில் இது 227 கி.மீ. ஆகிறது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418 கி.மீ. நாம் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். கூகுள் மேப்ஸில் அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும்.

முதல் தவறு: பயணி போகும் தூரம் வேறு

சான் பிரான்சிஸ்கோ - சென்னை நேர்த் தூரம் 13,900 கி.மீ. என்றாலும் அன்று எனக்குக் கிடைத்த டிக்கெட் சிங்கப்பூர் வழி. சான் பிரான்சிஸ்கோ - சிங்கப்பூர் சுமார் 13,580 கி.மீ. சிங்கப்பூர் - சென்னை சுமார் 2,920 கி.மீ. கூட்டினால் 16,500. நேர்த் தூரத்தைவிட 2,600 கி.மீ. அதிகம். ஆகவே இரண்டு நாடுகளுக்கு நடுவே மட்டும் கோடு போட்டு அளந்தால் போதாது. எந்தெந்த ஊரில் இறங்கி ஏறுகிறீர்களோ, அந்த ஒவ்வொரு ஊரிலும் கிளிக் செய்து துண்டு துண்டாக அளக்க வேண்டும். கூகுள் மேப்ஸில் கிளிக் செய்துகொண்டே போனால் மொத்தத்தை அதுவே கூட்டிச் சொல்லிவிடும்.

இந்தத் தூரத்தை நான் மனக்கணக்கில் ஏறக்குறையச் சரியாகவே பிடித்திருந்தேன். கவிழ்ந்தது அடுத்த இடத்தில்.

இரண்டாவது தவறு: 900ஆல் வகுத்தது

பெரிய ஜெட் விமானம் உயரே சீராகப் பறக்கும்போது மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகம் உண்மைதான். ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிலையத்தின் வாசலைவிட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த நிலையத்தின் வாசலில் வந்து நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்கும் முன் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

என் பயணத்தின் மூன்று விமானங்களையும் பாருங்கள்:

சான் பிரான்சிஸ்கோ - சிங்கப்பூர்: 13,580 கி.மீ., 17 மணி 15 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 787 கி.மீ.

சிங்கப்பூர் - சென்னை: 2,920 கி.மீ., 4 மணி 15 நிமிடம். சராசரி 687 கி.மீ.

சென்னை - மதுரை: 418 கி.மீ., 1 மணி 20 நிமிடம். சராசரி 313 கி.மீ.

தூரம் குறையக் குறைய சராசரி வேகமும் குறைகிறது. குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பாதி நேரத்தைத் தின்றுவிடும். டவுன் பஸ் எத்தனை வேகமாக ஓடினாலும் ஸ்டாப்பில் நிற்கும் நேரம்தான் கணக்கைக் கெடுக்கும் அல்லவா? அதே கதை.

சரி, முதல் விமானம் அத்தனை தூரம் போகிறதே, அதுவும் ஏன் 900ஐ எட்டவில்லை? காரணம் காற்று. பூமியின் நடு அட்சரேகைப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' எனப்படும் காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் பல சமயம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டி வீசும். கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போகும் விமானத்தை எதிர்த்து நிற்கும். அதனால்தான் பசிபிக் கடலைத் தாண்டி மேற்கே சிங்கப்பூர் போக 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; அதே விமானம் திரும்பி வர ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம்தான். நம் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் எதிர்காற்று தெரியும். ஆடி மாதம் கரிசல் காட்டு ரோட்டில் மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

காற்றின் பலத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே, அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆகிவிட்டது. 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பின்காற்று தள்ளியதால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! தூரம் கூடினால் நேரமும் கூடும் என்ற நம் நினைப்பு இங்கே அடிபட்டுப் போகிறது.

வானத்தில் மூடிய வழிகளும் உண்டு. 2022இல் யுக்ரேன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யா மேல் பறக்க முடியாமல் போனது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானம் சுற்றிக்கொண்டு சுமார் 13 மணி நேரம் பறக்க நேர்ந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியபோது டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் விமானங்களுக்கும் பயண நேரம் கூடியது.

ஆகவே வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடிக்காதீர்கள். விமான நிறுவனத்தின் அட்டவணையில் போட்டிருக்கும் பயண நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தின் காற்றையும் வழியையும் கணக்கில் எடுத்துத்தான் அதைப் போட்டிருப்பார்கள்.

மூன்றாவது வேலை: கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். சனி இரவு 10.30க்குப் புறப்பாடு, திங்கள் காலை 7.45க்குச் சிங்கப்பூர் என்று இருந்தால், "ரெண்டு நாளா பறக்குது?" என்று வீட்டில் கேட்பார்கள். இல்லை, பதினேழே கால் மணி நேரம்தான். நடுவில் பசிபிக் கடலில் சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாள் தாவிவிடுகிறது. திரும்பி வரும்போது வேடிக்கை இன்னும் அதிகம். சிங்கப்பூரில் காலை 9.15க்கு ஏறினால், பதினைந்தரை மணி நேரம் பறந்து, அதே தேதி காலை 8.45க்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கலாம். ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டோம்!

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி; ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்பட்டது. கோவில்பட்டி அதற்கு மேற்கே 4.63 டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 18 நிமிட வாக்கில்தான்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஒரே மருந்து யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரம். எல்லா நேரத்தையும் முதலில் அதற்கு மாற்ற வேண்டும், பயண நேரத்தைக் கூட்ட வேண்டும், கடைசியில் இறங்கும் ஊர் நேரத்துக்கு மாற்ற வேண்டும். இந்தியா யூ.டி.சி.யைவிட 5.5 மணி முன்னால். சிங்கப்பூர் 8 மணி முன்னால். கலிபோர்னியா குளிர்காலத்தில் 8 மணி பின்னால். அதை -8 என்று எழுதுவோம்.

இதை எக்ஸெலில் செய்வோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். முதல் வரியில் தலைப்புகளை எழுதிவிட்டு இரண்டாவது வரியிலிருந்து தொடங்குங்கள். கீழே செல் பெயர்களைத் தமிழில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

ஏ2: பயணத்தின் பெயர். சான் பிரான்சிஸ்கோ - சிங்கப்பூர்.

பி2: புறப்படும் நாளும் நேரமும், அந்த ஊர்ப்படி. 2023 பிப்ரவரி 4, 22:30.

சி2: புறப்படும் ஊரின் யூ.டி.சி. வித்தியாசம். -8

டி2: பொது நேரத்தில் புறப்பாடு. ஃபார்முலா: =பி2-சி2/24

ஈ2: பயண நேரம். 17.25

எஃப்2: பொது நேரத்தில் வருகை. ஃபார்முலா: =டி2+ஈ2/24

ஜி2: இறங்கும் ஊரின் வித்தியாசம். 8

ஹெச்2: இறங்கும் ஊர் நேரம். ஃபார்முலா: =எஃப்2+ஜி2/24

ஹெச்2 செல்லில் பிப்ரவரி 6, காலை 7:45 என்று வரவேண்டும். அதாவது திங்கள்கிழமை. சரியாக வந்துவிட்டதா? ஜி2இல் 8க்குப் பதிலாக 5.5 போட்டுப் பாருங்கள். காலை 5:15 என்று மாறும். விமானம் சிங்கப்பூரில் தரை தொடும்போது கோவில்பட்டியில் மணி என்ன என்பது அது.

அடுத்த விமானத்துக்கு மூன்றாவது வரி. சிங்கப்பூரில் திங்கள் காலை 10:00க்குப் புறப்பாடு, வித்தியாசம் 8, பயண நேரம் 4.25, சென்னை வித்தியாசம் 5.5. விடை பகல் 11:45. ஃபார்முலாக்களைத் திரும்ப அடிக்க வேண்டாம். இரண்டாவது வரியில் இருப்பதைக் காப்பி செய்து மூன்றாவது வரியில் பேஸ்ட் செய்தால் எண்களை அதுவே மாற்றிக்கொள்ளும்.

புதியவர்கள் இடறி விழும் இடங்கள் நான்கு:

1. 17 மணி 15 நிமிடம் என்பதை 17.15 என்று எழுதக்கூடாது. 15 நிமிடம் கால் மணி. ஆகவே 17.25. அரை மணிக்கு .5, முக்கால் மணிக்கு .75.

2. 04-02 என்று டைப் செய்தால் அமெரிக்க முறையில் அமைந்த கம்ப்யூட்டர் அதை ஏப்ரல் 2 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தை எண்ணாக எழுதாமல் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளால் எழுதுங்கள்.

3. விடையில் தேதிக்குப் பதில் 44962.27 போல ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை 1900 ஜனவரி 1ஐ ஒன்று என வைத்து எண்ணும் நாட்களாகவே சேமிக்கிறது. செல்லின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மேட் செல்ஸ்' திறந்து, 'டேட்' பிரிவில் தேதியும் மணியும் சேர்ந்து வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்ஸில் 'ஃபார்மேட்', 'நம்பர்', 'டேட் டைம்'.

4. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி திருப்புவார்கள். அந்த மாதங்களில் கலிபோர்னியாவுக்கு -8 அல்ல, -7. இந்தியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

மூன்றாவது தவறு: தரையில் ஆகும் நேரம்

என் மனக்கணக்கை முழுதாகக் கவிழ்த்தது இதுதான். சென்னையில் பகல் 11.45க்கு இறங்கினேன். குடியேற்றப் பிரிவு வரிசை, பெட்டி வரும்வரை காத்திருப்பு, சுங்கம், பிறகு உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் பெட்டியைப் போட்டுப் பாதுகாப்புச் சோதனை. மதுரை விமானம் பிற்பகல் 3 மணிக்கு. எங்கள் ஊருக்கு மதுரையைவிடத் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் பக்கம். ஆனால் அன்று எனக்கு ஏற்ற நேரத்தில் அங்கே போகும் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்த நிலையத்தில் 2025 ஜூலையில் பெரிய புதிய முனையம் திறக்கப்பட்டது. இனி ஊருக்கு வருபவர்கள் முதலில் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

மதுரையில் 4.20க்கு இறங்கினேன். நான்கு வழிச் சாலையில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி தாண்டி, கிளைச் சாலையில் திரும்பி ஊர் போய்ச் சேர 2 மணி 20 நிமிடம் ஆனது.

மொத்தக் கணக்கு இதோ. சனி இரவு 10.30க்கு அங்கே புறப்பட்டபோது இந்திய நேரம் ஞாயிறு நண்பகல் 12 மணி. வீட்டுக்கு வந்தது திங்கள் மாலை 6.40. ஆக 30 மணி 40 நிமிடம். விமானங்களில் இருந்தது 22 மணி 50 நிமிடம். மீதி 7 மணி 50 நிமிடம் தரையில். சிங்கப்பூரில் 2 மணி 15 நிமிடம், சென்னையில் 3 மணி 15 நிமிடம், மதுரையிலிருந்து வீடு வரை 2 மணி 20 நிமிடம். பெரியப்பாவிடம் நான் சொன்ன நேரத்தில் இந்த ஏழே முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதிக்கு இடமே இல்லை.

எனவே உங்கள் எக்ஸெல் ஷீட்டில் விமானங்களுக்கு ஒரு வரி கொடுப்பது போல ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு வரி கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாற மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். கடைசி வரி வீட்டு வாசலாக இருக்க வேண்டும், விமான நிலையமாக அல்ல.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

டிக்கெட் எடுத்ததும் அதை வாட்ஸ்அப்பில் சித்தப்பா மகளுக்கு அனுப்பினேன். துக்க வீட்டில் யார் போனைப் பார்ப்பார்கள்? சிங்கப்பூரில் இறங்கிப் பேசியபோதுதான் பெரியப்பாவுக்குச் சரியான நேரம் தெரிந்தது. "எல்லாருக்கும் சொல்லியாச்சே தம்பி. முடிஞ்ச மட்டும் வச்சிருக்கோம்" என்றார். ஐந்தரை மணி வரை வைத்திருந்தார்கள்.

அதனால் யாராவது போனில் "எப்ப வருவே?" என்று கேட்டால், டிக்கெட் கையில் வரும்வரை மணி சொல்லாதீர்கள். "அரை மணி நேரத்தில் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். பிறகு இந்திய நேரத்தில், கிழமையோடு, வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நேரத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்: "திங்கள் மாலை ஆறே முக்கால்." அதோடு விமான எண்ணையும் கொடுங்கள். அதைச் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

விமான எண் தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரிலேயே விமானத்தைப் பின்தொடரலாம். பிரவுசரில் ஃப்ளைட்ரேடார்24 என்ற தளத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் விமான எண்ணைக் கொடுங்கள். வரைபடத்தில் சின்ன விமானப் படம் நகரும். அதை கிளிக் செய்தால் உயரம், வேகம், இறங்கும் உத்தேச நேரம் எல்லாம் வரும். விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. ஆங்காங்கே வைத்துள்ள ரிசீவர்கள் அதைப் பிடித்து இந்தத் தளத்துக்கு அனுப்புகின்றன. பசிபிக் போன்ற பெருங்கடல் நடுவே ரிசீவர் கிடையாது. அங்கே படம் மறைந்தாலும், உத்தேச இடமாகக் காட்டினாலும் கலங்க வேண்டாம். கரைப் பக்கம் வந்ததும் மறுபடி தெரியும்.

அடுத்த வருடம் ஆச்சியின் நினைவு நாளுக்கு ஊருக்கு வந்தேன். இந்த முறை கிளம்பும் முன்பே ஷீட்டைப் போட்டு அனுப்பினேன். செவ்வாய் மாலை 5.10 என்று கடைசி வரியில் இருந்தது. சித்தப்பா மகள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஃப்ளைட்ரேடார்24ஐத் திறந்து வைத்து, "அண்ணன் சிங்கப்பூர் தாண்டிருச்சு", "வங்காள விரிகுடா மேல வருது" என்று பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நான் வந்து இறங்கியபோது மணி 5.25. பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கால் மணி நேரம் லேட்டுடா" என்றார். சாத்தூரில் டீ குடிக்க நிறுத்தியதை ஷீட்டில் சேர்க்கவில்லை.

அன்று இரவு ஆச்சி கேட்ட கேள்வியைக் கூகுள் எர்த்தில் போட்டுப் பார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் கோடு எங்கள் காட்டுக்கு வடகிழக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. ஆனால் சென்னை - மதுரை விமானம் இறங்குமிடம் எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். அதற்கு மேல் பக்கத்தில் எந்த விமானத்திலும் நான் ஆச்சியைக் கடந்து போனதில்லை.

உங்கள் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், இன்றைக்கே அந்த ஊருக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு ஷீட் போட்டு வையுங்கள். யூ.டி.சி. வித்தியாசம், வழக்கமான வழி, காத்திருக்கும் நேரம், விமான நிலையத்திலிருந்து வீடு வரை கார் நேரம். புறப்படும் நேரத்தை மட்டும் காலியாக விடுங்கள். அவசரம் வரும் நாளில் அந்த ஒரு செல்லை நிரப்பினால் போதும்.